நொய்யரிசி மிதந்த கடல்

பிளஸ் டூ தாவரவியலில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று அடிக்கடி வரும். வாலிஸ்னேரியாவில் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் விதத்தைப் படத்துடன் விவரி. நான் அதில் கெட்டிக்காரி. குளத்தடியில் வேரூன்றிய ஒரு செடி, நாடா மாதிரி இலைகள், தொலைபேசி வயர் போலச் சுருண்டு மேலே வரும் காம்பு, காம்பின் நுனியில் ஒரு பெண் பூ, அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக மிதக்கும் ஆண் பூக்கள். ஏழு நிமிஷத்தில் வரைந்து, பாகம் குறித்து, அடிக்கோடு போட்டு முடித்துவிடுவேன். ஐந்துக்கு ஐந்து. அந்தச் செடியை நேரில் பார்த்தது கிடையாது. எங்கள் டீச்சரும் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பரீட்சைக்காகவே கடவுள் படைத்த செடி அது என்பது எங்கள் வகுப்பின் ஏகமனதான முடிவு.

முப்பது வருஷம் கழித்து அதன் ஒன்றுவிட்ட அக்காவைக் கடலில் பார்த்தேன். பார்த்தேன் என்று இப்போது சாதாரணமாக எழுதுகிறேன். அன்றைக்குத் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன். சொறிமீன் பட்டுவிட்டது என்று நினைத்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசுவதால் வீட்டில் என்னிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. நீங்கள் அகப்பட்டீர்கள்.

தொடக்கம் ஓர் ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அண்ணனோடு ராமேஸ்வரம் போயிருந்தேன். அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எல்லாம் முடிந்து மதுரைக்குத் திரும்பும்போது மண்டபத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வடக்குப் பக்கம் இறங்கினோம். அந்த ஊருக்குக் கடல் இரண்டு. வடக்கே இருப்பது வடகடல், அதாவது பாக் விரிகுடா. தெற்கே தென்கடல், மன்னார் வளைகுடா. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் ஆடித் தீர்க்கும். வடகடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். வாடை பிறந்தால் இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும். நாங்கள் போனது தாம்பாள மாதத்தில்.

கரை நெடுக ஒரே பழுப்பு நாடாக் குவியல். கணுக்கால் வரை புதைந்தது. "என்னண்ணே, இப்படிக் குப்பையைக் கொட்டி வச்சிருக்காங்க" என்று நான் முகம் சுளித்தது பக்கத்தில் இருந்த ஓர் அக்கா காதில் விழுந்துவிட்டது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணிக்கீற்று, இடுப்பில் வலைப்பை. பாசி எடுக்கிறவர். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி வரும் நாட்களில் கடலுக்குள் மூழ்கிப் பாசி பறித்து வந்து விற்கும் பெண்கள் அந்தக் கரையில் தலைமுறையாக இருக்கிறார்கள்.

"குப்பை இல்ல தங்கச்சி, அது தாழை."

"தாழம்பூவா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இது கடல் தாழை. நாங்க எடுக்கிறது பாசி. பாசிக்கு வேர் கெடையாது, கல்லப் புடிச்சுக்கிட்டு நிக்கும். இதுக்கு வேர் இருக்கு. மண்ணுக்குள்ள கோரை மாதிரி கெழங்கு ஓடும். மேல புடுங்குனா கையோட வராது."

எனக்குள் முப்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பிளஸ் டூ மாணவி எழுந்து உட்கார்ந்தாள். வேர், தண்டு, நாடா இலை. பாசி இல்லை என்றால் இது செடி. செடி என்றால்?

"இது பூக்குமாக்கா?"

"பூவா? அத யாரு பார்த்தா" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. பூக்கும். கடற்புல் என்று புத்தகங்கள் சொல்லும் இந்தச் செடி பூக்கும், காய்க்கும், விதை போடும். நிலத்தில் பூக்கும் செடிகள் ஏறத்தாழ மூன்று லட்சம் வகை. அவற்றில் கடலுக்குள் முழுக்க மூழ்கி வாழக் கற்றவை எழுபது வகையை ஒட்டித்தான். அந்த எழுபதில் நல்ல பங்கு நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. இந்தியாவில் இவ்வளவு வகை சேர்ந்திருப்பது இங்கேதான். நான் அதைக் காலால் எத்தி, குப்பை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இவற்றின் குடும்பக் கதை ஒன்று போதும், மெகா சீரியலே எடுக்கலாம். செடிகளின் தாய்வீடு தண்ணீர்தான். அங்கிருந்து நிலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவை வேர் பிடிக்கக் கற்றன, நரம்பு கற்றன, பூக்கக் கற்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசார்கள் இருந்த காலத்தில், சில குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டன. வேரையும் பூவையும் கையோடு கொண்டுபோயின. சிலவற்றைப் புகுந்த வீட்டிலேயே விட்டுவிட்டன. 2016ஆம் ஆண்டு ஜோஸ்டெரா என்ற கடற்புல்லின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்துப் பார்த்தபோது, இலைத்துளை உண்டாக்குகிற மரபணுக்களே அதில் காணாமல் போயிருந்தன. உப்புத் தண்ணீருக்குள் இலைத்துளை எதற்கு? ஆனால் பூவை மட்டும் விடவில்லை பாருங்கள். காற்றும் வண்டும் இல்லாத இடத்தில் பூப்பேன் என்று பிடிவாதம். மேலே சொன்ன வாலிஸ்னேரியா, கிணற்றிலும் குளத்திலும் மண்டும் வேலம்பாசி, பாக் விரிகுடாவின் சில கடற்புற்கள் எல்லாம் தாவரவியல் கணக்கில் ஒரே குடும்பம். நன்னீரில் தங்கிவிட்டவர்களும் உப்புநீருக்குப் போனவர்களும்.

ஒரு பூவையாவது பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த தடவை தனியாகப் போனேன். நீச்சல் தெரியாது. கண்ணாடி போடாவிட்டால் எதிரே வருவது அண்ணனா அண்ணியா என்று தெரியாது. நீருக்கடியில் போடும் முகக்கண்ணாடி ஒன்றை வாங்கி, வீட்டு பக்கெட்டில் மூஞ்சியை முக்கிப் பயிற்சி எடுத்தேன். அக்கா (அவரைத் தேடிப் பிடித்துவிட்டேன்) என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "காலத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க. இழுத்து இழுத்து நடங்க. மண்ணுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், மிதிச்சா முள்ளால போட்ரும்." அப்படியே இழுத்து இழுத்து நடந்து, இடுப்பளவில் நின்று, மூச்சைப் பிடித்து முகத்தை உள்ளே விட்டேன்.

எப்படிச் சொல்வது. நாற்று நட்டு இருபது நாள் ஆன வயலை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? காற்று போகும் திசையில் பச்சை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, அப்புறம் நிதானமாக மறுபக்கம் சாயும். அது, தண்ணீருக்குள். காற்றுக்குப் பதில் அலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், கண்ணாடி இல்லாத என் கண்ணுக்குக்கூட ஒவ்வொரு தாளும் தெரிந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, தும்மி, மறுபடி முகத்தை விட்டு, மறுபடி இருமி, அப்படியே இரண்டு மணி நேரம். கழுத்தும் முதுகும் வெந்துவிட்டன. அதெல்லாம் ராத்திரிதான் தெரிந்தது.

நண்பகல் நெருங்கும்போது ஒரு வேடிக்கை. வெயில் நேராக இறங்கியதும் இலை விளிம்புகளில் குமிழ்கள் கோத்துக்கொண்டன. குண்டூசித் தலை அளவு வெள்ளிக் குமிழ், ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று மேலே போகிறது. பிராணவாயு! சோதனைக்குழாயைக் கவிழ்த்து வைத்து வேலம்பாசியில் காட்டினார்களே, அந்தப் பரிசோதனை இங்கே ஏக்கர் கணக்கில் நடக்கிறது. இலை தயாரிக்கும் காற்றில் ஒரு பங்கு கீழேயும் போகிறது. தாமரைத் தண்டை ஒடித்தால் உள்ளே குழல் குழலாக இருக்குமே, அதே ஏற்பாடு இதற்கும் உண்டு. மேலே இலை மூச்சு விட, அந்தக் காற்று குழல் வழியாகச் சேற்றில் இருக்கும் வேருக்குப் போய்ச் சேரும். அந்தச் சேற்றில் பிராணவாயு கிடையாது, அழுகின முட்டை நாற்றமடிக்கும் நச்சுதான் உண்டு. வேரைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல காற்றைக் கசியவிட்டு அந்த நச்சை அண்டவிடாமல் வைத்திருக்கிறது செடி. தண்ணீர் கலங்கி வெயில் உள்ளே போகாவிட்டால் இந்தக் காவல் தளர்ந்துவிடும். புல் சாவது அப்படித்தான்.

நாலைந்து நடைக்குப் பிறகு ஆட்களை அடையாளம் தெரிய ஆரம்பித்தது. ஒரு வகைக்கு இலை நாடா மாதிரியே இருக்காது, பச்சை ஈர்க்குச்சி மாதிரி உருண்டையாக இருக்கும். ஒடித்தால் டக்கென்று ஒடியும். சிரிங்கோடியம் என்று பெயர். இன்னொன்றின் நுனியை விரலால் தடவினால் பொடி ரம்பப் பல் தட்டுப்படும், அது சைமோடோசியா. எனக்கு ரொம்பப் பிடித்தது ஹாலோஃபைலா ஓவாலிஸ். கட்டைவிரல் நகம் அளவில் முட்டை வடிவ இலைகள், ஜோடி ஜோடியாக மணலில் நின்றுகொண்டிருக்கும். கறிவேப்பிலையை யாரோ உருவி நட்டு வைத்த மாதிரி. இவ்வளவு மென்மையானது கடலில் எப்படிப் பிழைக்கிறது என்று தோன்றும். அந்த மென்மைதான் ஒருவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் பிறகு வருகிறேன்.

வயல் என்றேன், வயலில் வெறும் பயிர் மட்டுமா இருக்கும். புல் நடுவே ஓரா மீன் கூட்டம் மாடு மேய்வது போல மேய்ந்துகொண்டு நகர்கிறது. இலைத் தாளில் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு கடல்குதிரை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் பிரயாணி மாதிரி, அலைக்கு அலை ஆடிக்கொண்டு. கணவாய் முட்டைக் கொத்து. சுண்டுவிரல் நீளத்தில் வெளமீன் குஞ்சுகள். அவை பெரிதானபின் பவளப்பாறைப் பக்கம் போகும், அதுவரை பள்ளிக்கூடமும் சத்துணவும் இங்கே. அந்தப் பக்கத்துச் சந்தையில் விற்கும் நண்டுக்கும் இறாலுக்கும் பாதிக்கு மேல் இளமைக்காலம் இந்தப் புல்லுக்குள்தான் கழிந்திருக்கும் என்பது அக்காவின் கணக்கு. "தாழை இருக்கிற எடத்துலதான் வலை கனக்கும். மொட்ட மண்ணுல என்ன கெடைக்கும்?"

இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கரிக்கணக்கு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னால்தான் அண்ணன் மாதிரி ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உலகக் கடல்தரையில் கடற்புல் இருப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடத்தில். ஆனால் கடல் தன் அடியில் புதைத்து வைக்கும் கரியில் பத்தில் ஒரு பங்கு இதன் பேரில்தான் வரவு வைக்கப்படுகிறது. புல் தண்ணீரின் வேகத்தைத் தணிக்கிறது. தண்ணீரில் மிதந்து வந்த தூசியும் துகளும் அடியில் படிகின்றன. உதிர்ந்த இலையும் செத்த வேரும் அதோடு புதைகின்றன. பிராணவாயு இல்லாத சேறு என்பதால் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவில் ஒரே ஒரு விதையிலிருந்து முளைத்த கடற்புல் கிழங்கு ஓட்டியே 180 கிலோமீட்டர் பரவி நிற்பதை 2022இல் கண்டுபிடித்தார்கள். வயது ஏறத்தாழ 4,500. ஒரே செடி! மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை, வழியில் ஒரு ஸ்டாப் கூட இல்லாமல்.

சரி, அந்த ஒருவர். ஆவுளியா. கடற்பசு.

நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொல்லவும் மனமில்லை. ஆனால் அது வந்துபோன தடத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு படகில் ஏறி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போயிருந்தோம். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இங்க பாருங்க" என்று கை காட்டினார். சிறு புல் படர்ந்திருந்த மணலில், சாண் அகலத்தில் ஒரு கோடு. வளைந்து வளைந்து போகிறது, நடுவில் ஒரு இடத்தில் நின்று, மறுபடி தொடங்குகிறது. யாரோ மண்வெட்டியால் வரப்பை ஒட்டி வாய்க்கால் இழுத்துவிட்ட மாதிரி. ஆவுளியா மேய்ந்த தடம். அது இலையை மட்டும் கடித்துவிட்டுப் போகாது. மூஞ்சியை மணலில் புதைத்து வேரோடு கிளறித் தின்றுகொண்டே போகும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் வேண்டும் அதற்கு. நம் ஹாலோஃபைலா என்றால் உயிர். கிளறின இடம் மொட்டையாகவே கிடக்குமா என்றால், பக்கத்துக் கிழங்கு கை நீட்டி வந்து மூடிவிடுகிறது. களை எடுத்து, மண் கிளறிவிட்ட மாதிரிதான். அந்தத் தடத்தின் மேல் படகில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, யாரோ பெரியவர் எழுந்துபோன பாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடற்பசு எழுபது வருஷம் வரை வாழும். கர்ப்பம் ஒரு வருஷத்துக்கு மேல், ஒரு தடவைக்கு ஒரே கன்று, அடுத்ததற்குப் பல வருஷம் ஆகும். இப்படிப்பட்ட பிராணி ஒரு தலைமுறையில் குறைந்தால் மீளுவதற்குப் பல தலைமுறை பிடிக்கும். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. பசுவைக் காப்பது என்றால் மேய்ச்சல் நிலத்தைக் காப்பதுதானே. அதனால் அந்த அறிவிப்பைப் புல்லுக்குக் கிடைத்த பட்டாவாகவே நான் படித்தேன்.

அந்தப் பாதுகாப்பகத்தின் கரையில்தான் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றுப்போனதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம். எட்டு அடுக்கு. எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே எதற்கு என்று கேட்கத் தோன்றும், ஆனால் கடலைப் பார்க்க நல்ல இடம். அந்தக் கரைப்பக்கம் வெளிவயலில் இயங்கும் ஓம்கார் பவுண்டேஷன்காரர்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு அபாரமாகப் பிடித்தது. மூங்கிலில் சதுரச் சட்டம் கட்டி, குறுக்கே தென்னங்கயிறு ஓட்டி, அந்தக் கயிற்றில் கடற்புல் நாற்றைக் கட்டி, புல் அழிந்த இடத்தில் மணலோடு பதிக்கிறார்கள். நாற்று வேர் பிடித்துப் படர்வதற்குள் மூங்கிலும் கயிறும் மட்கி மண்ணாகிவிடும். எடுத்துப் போடவேண்டிய வேலைகூட இல்லை. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மன்னார் வளைகுடாவில் இப்படி நட்டு வளர்க்கிறார்கள். கடலில் நாற்று நடுகிறார்கள்! டெல்டாக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியுமா.

புல்லை அழிப்பது எது என்று கேட்டால் கரையில் ஆளுக்கு ஒரு பதில் வரும். அடியைச் சீவிக்கொண்டு போகும் இழுவை வலை, நங்கூரம், கழிவுநீர். நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் தங்கிய ஒரு விடுதியில் தினம் விடிகாலையில் இரண்டு பேர், கரை ஒதுங்கிய தாழையை வாரிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். விருந்தினருக்குச் சுத்தமான கடற்கரை வேண்டுமாம். அந்தக் குவியல்தான் அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்கும் மெத்தை. அதற்குள் பொடி நண்டும் பூச்சியும், அவற்றைக் கொத்தித் தின்ன உள்ளான் குருவிகளும். நான் போய்ச் சொன்னேன். மேலாளர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ஸ்மெல் வருதுன்னு கம்ப்ளெயின்ட்" என்றார். அறையைக் காலி செய்துவிட்டேன். ஆறு மாசத்துக்கு முன்னால் அதே புகாரை நானே கொடுத்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நடுவில் முத்துப்பேட்டைக்கும் போய்வந்தேன். அங்கிருக்கும் அலையாத்திக் காட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை கரை சேராது. ஒன்று மட்டும்: அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் நக்கிப் பாருங்கள். உப்பு. வேர் வடிகட்டியது போக மிச்ச உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் ஏறினால் பொடிப்பொடியாக மின்னும். நான் நக்கியதைப் பார்த்துப் படகிலிருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் நக்கினார்கள். 2018இல் கஜா புயல் இந்தக் காட்டை உலுக்கி எடுத்தது; சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் ஆணிப் படுக்கை மாதிரி நிமிர்ந்து நிற்க, ஒடிந்த மரங்களுக்கு நடுவே கன்றுகள் வந்துகொண்டிருந்தன.

பூ? வருகிறேன்.

கடலில் பூ கிடைக்காத ஏமாற்றத்தில் மதுரையில் மீன்தொட்டிக் கடைக்குப் போனேன். வாலிஸ்னேரியா இருக்கிறதா என்று கேட்டேன். கடைப் பையனுக்குப் புரியவில்லை. படம் வரைந்து காட்டினேன். ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. "வள்ளியா மேடம்? வள்ளின்னு கேளுங்க" என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்த செடி ரப்பர் பேண்டு போட்டு, பாலிதீன் பையில். வீட்டில் பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் மணல் போட்டு நட்டேன். அது போதாமல் பெரிய கண்ணாடித் தொட்டி. ஐந்தாவது மாதம் ஒரு காலை, அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு. சுருள். நிஜமான சுருள்! நுனியில், தண்ணீர் மட்டத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு பூ. பெண் பூ. ஆண் பூ வரவே இல்லை. இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. கடைகளில் விற்பது பெரும்பாலும் ஒரே தாயிலிருந்து பக்கக் கொடி ஓட்டிப் பெருக்கியவை. ஆகவே என் தொட்டி முழுக்கப் பெண் வீட்டார் மட்டும். அந்தப் பூ பதினைந்து நாள் மாப்பிள்ளைக்குக் காத்திருந்துவிட்டுப் போனது.

இந்தப் பைத்தியத்தில் ஊர்க் கண்மாயையும் எட்டிப் பார்த்தேன். சின்ன வயசில் அங்கே ஆம்பல் இருந்தது. இப்போது கரையிலிருந்து கரை வரை வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. பூ அழகு, ஊதாவில் மயிற்கண். ஆனால் அது பந்தல் போட்ட தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது, வெளிச்சம் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் வேலம்பாசி வகையறா சாகும், அவை செத்தால் மீனுக்கு மூச்சு இல்லை. நீர்ச்செடி எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குளம் வற்றினால் பறந்துபோகும் பறவையை விட்டு, வற்றின சேற்றிலும் கிழங்கோடு காத்துக் கிடக்கும் நீர்ப்பூச்செடிகளை நல்ல உறவுக்கு உவமையாக்கியது மூதுரை. அந்தச் செடிகளின் மேல்தான் இந்த விருந்தாளி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இனி பூ.

பாக் விரிகுடாவில் எனாலஸ் என்று ஒரு கடற்புல் உண்டு. இருப்பதிலேயே பெரிது. இலை ஒரு மீட்டருக்கு மேல் நீளும், அரைஞாண் பட்டை மாதிரி தடிப்பு, கிழங்கில் கறுப்பு முள்மயிர். மற்றக் கடற்புற்கள் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரிக் கல்யாணத்தை முடித்துவிடும். மகரந்தமே நூலிழை மாதிரி நீண்டு நீரோட்டத்தில் போகும். மெக்சிகோ பக்கம் ஒரு வகைக்குப் பொடி இறால் குஞ்சு மாதிரியான ஜீவராசிகளும் புழுக்களும் தேனீ வேலை பார்க்கின்றன என்று 2016இல் நிரூபித்தார்கள். எனாலஸ் மட்டும் நம் வாலிஸ்னேரியாவின் வழக்கப்படி, ஊரறிய, தண்ணீரின் மேல் மட்டத்தில். அதுவும் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில், கடல் நன்றாக வற்றி இருக்கும் நேரத்தில்.

மூன்று அமாவாசை வீணாய்ப் போயின. ஒரு தடவை காற்று. ஒரு தடவை மேகம், கலங்கல். ஒரு தடவை நான் மணியைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். நாலாவது தடவையும் ஆடி அமாவாசையாகவே அமைந்தது. அண்ணன் தர்ப்பணம் முடிந்ததும் ஹோட்டலில் படுத்துவிட்டான். நான் மண்டபம் வந்தேன். பத்துப் பதினைந்து பெண்கள் பாசி எடுக்க இறங்கியிருந்தார்கள். கடல் வற்றி, எனாலஸ் இலைகளின் மேல் பாதி தண்ணீரின் மேலேயே மல்லாந்து படுத்திருந்தது.

அந்த இலைகளுக்கு நடுவே, தண்ணீரின் மேல், நொய்யரிசி.

முதலில் நுரை என்றுதான் நினைத்தேன். யாரோ அரிசி களைந்து ஊற்றின மாதிரி வெள்ளை வெள்ளையாக, காற்று தள்ளும் பக்கம் சின்னக் கப்பல்களாய் நகர்ந்துகொண்டிருக்கிறது. முகக்கண்ணாடியை மாட்டி உள்ளே பார்த்தேன். அடியில், இலைக்கவட்டில் ஒரு பை. அதிலிருந்து ஒவ்வொரு மொட்டாகக் கழன்று, குமிழ் மாதிரி மேலே ஏறி வருகிறது. மேலே வந்ததும் விரிந்து, இதழை மடக்கி அதன் மேல் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, நீண்ட காம்பின் நுனியில், மூன்று சுருக்கச் சுருக்க இதழோடு ஒரு பெண் பூ தண்ணீரின் மேல் விரித்துப் படுத்திருக்க, அதன் இதழ் மடிப்பில் நாலைந்து நொய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மிதந்து வந்து ஒட்டியது. அப்போதுதான் கத்தினேன்.

ஓடி வந்தவர்களில் அக்காவும் இருந்தார். "எங்க பட்டுச்சு? கையக் காட்டுங்க."

"பூக்கா! தாழைப் பூ!"

அவர் குனிந்து பார்த்தார். "இதா? இது நொரையில்ல? நான் சின்னப்புள்ளயில இருந்து பாக்குறேன்."

கையில் அள்ளிக் காட்டினேன். முகக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, மொட்டு கழன்று வருவதைப் பார்க்கச் சொன்னேன். அவர் பத்தாள் மூச்சு வைத்திருப்பவர். உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. நான் பயந்து போகும் சமயத்தில் எழுந்து, முகத்தைத் துடைத்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். நான் பிளஸ் டூ விடையை முழுசாக ஒப்பித்தேன். அந்தா இதழோடு காம்பில் இருக்கிறது பெண் பூ, காய் பிடித்ததும் காம்பு சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளையாக மிதப்பதெல்லாம் ஆண் பூ.

அக்கா உள்ளங்கையில் இருந்த நொய்யை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"ஆம்பளப் பூவா இதெல்லாம்?"

"ஆமாக்கா."

"அதான் இத்தன வருசமா வேல வெட்டியில்லாம மெதந்துக்கிட்டுத் திரியுதேன்னு பார்த்தேன்" என்றார். வடகடல் அதிரும்படி சிரித்தார்கள் அத்தனை பேரும்.